கண்ணைப் பார்த்துப் பேசாதவன் பொய்தான் சொல்கிறானா?

கேள்வி
எழுதியவர்: கடைக்கணக்கு, களுவாஞ்சிக்குடி

அனைவருக்கும் வணக்கம். களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் கட்டடப் பொருட்கள் விற்கும் எங்கள் குடும்பக் கடையின் கணக்குகளை நான் பார்த்து வருகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை இரவு கடை பூட்டுவதற்கு முன்னர் லாச்சியில் இருந்த காசை எண்ணியபோது, சிட்டைப் புத்தகத்தின்படி இருக்க வேண்டிய தொகையில் 38,500 ரூபாய் குறைந்திருந்தது. கடையில் ஆறு பேர் வேலை செய்தாலும், லாச்சியைத் திறப்பவர்கள் மூவர்தான்: நான், என் மனைவியின் அண்ணன், படுவான்கரையிலிருந்து வந்து ஏழு மாதமாக வேலை செய்யும் 19 வயதுப் பையன்.

என் மச்சான் அண்மையில் கொழும்பில் நடந்த இரண்டு நாள் உடல்மொழிப் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குப் போய்ச் சான்றிதழுடன் வந்தவர். அவர் சனிக்கிழமை காலையில் அந்தப் பையனைக் கடைக்குப் பின்னால் உள்ள களஞ்சிய அறைக்கு அழைத்துச் சென்று, சீமெந்து மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதில் இருத்தினார். அப்பா, மச்சான், நான் என மூவரும் அவனைச் சுற்றி நின்றோம். பையன் பெரும்பாலும் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எச்சிலை விழுங்கினான், புறங்கையால் மூக்கைத் தேய்த்தான், குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, ஒரு கேள்விக்கு மேலே வலப்பக்கமாகப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான். “நான் எடுக்கல்ல முதலாளி” என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். மச்சான் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக அடையாளமிட்டு, ஐந்து அறிகுறிகளும் பொருந்துகின்றன என்றும், வலப்பக்கம் மேலே பார்ப்பது கற்பனை செய்கிறான் என்பதற்கு மறுக்க முடியாத அடையாளம் என்றும் சொன்னார்.

அப்பா அவனை அன்றே நிறுத்திவிட வேண்டும் என்கிறார். அம்மாவோ கோயிலுக்குக் கூட்டிச் சென்று கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கினால் போதும் என்கிறார். உண்மையைச் சொன்னால், அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் முகத்தைப் பார்த்து ஒருவனின் பிழைப்பைப் பறிப்பது சரியா என்ற உறுத்தலும் இருக்கிறது. இந்த உடல்மொழி அறிகுறிகளுக்கு அறிவியல் அடிப்படை ஏதும் உண்டா? பொய் கண்டறியும் கருவியில் பரிசோதித்தால் தெளிவாகிவிடுமா? விடயம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்
எழுதியவர்: வாவிக்கரை, மட்டக்களப்பு

நான் உளவியல் படித்து, பாடசாலை மாணவர்களுக்கு ஆற்றுப்படுத்தல் செய்து வருபவள். உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது மூக்கைப் பற்றித்தான். சீமெந்துக் களஞ்சியத்தில் மின்விசிறியும் இல்லாமல் இருத்தப்பட்ட ஒருவன் மூக்கைத் தேய்ப்பதற்கு மனச்சாட்சி காரணமாக இருக்க வேண்டிய அவசியமில்லை, சீமெந்துத் தூசியே போதும்.

இனி விடயத்துக்கு வருகிறேன். மனிதர்கள் வெறுமனே பார்த்தும் கேட்டும் பொய்யை எவ்வளவு சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக நடந்த பரிசோதனைகளை சார்ல்ஸ் பொண்ட், பெல்லா டிபோலோ என்ற இரு ஆய்வாளர்கள் 2006 இல் ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டார்கள். 24,000 க்கும் மேற்பட்டோர் அளித்த தீர்ப்புகளில் சராசரியாக நூற்றுக்கு 54 தான் சரியாக இருந்தன. நாணயத்தைச் சுண்டிப் போட்டுப் பார்த்தாலே 50 கிடைக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அதிலும் உண்மை பேசியவர்களை உண்மை பேசுபவர்கள் என்று சொன்னது 61 வீதம், பொய் சொன்னவர்களைப் பிடித்தது 47 வீதம் மட்டுமே. அதாவது, பொய்யர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால் நாணயமே நம்மைவிடக் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்கிறது.

கண்ணைப் பற்றிய நம்பிக்கை நம்முடையது மட்டுமல்ல. 58 நாடுகளில் பொய் சொல்பவரை எப்படி அறிவீர்கள் என்று கேட்டு 2006 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணைப் பார்க்க மாட்டார் என்றே பதில் சொன்னார்கள். உலகமே ஒரே குரலில் சொல்லும் அந்தப் பதில் பரிசோதனையில் நிற்கவில்லை. டிபோலோவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2003 இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் 158 அறிகுறிகளை எடுத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றுக்கும் பொய்க்கும் தொடர்பு இல்லை, அல்லது மிக மெல்லிய தொடர்பே இருந்தது. பார்வையைத் தவிர்ப்பது தொடர்பே இல்லாதவற்றின் வரிசையில்தான் வந்தது.

வலப்பக்கம் மேலே பார்த்தால் பொய் என்ற கதை, 1970களில் அமெரிக்காவில் தோன்றிய நரம்பியல் மொழியியல் நிரலாக்கம் என்ற பயிற்சி முறையின் வழியாகப் பரவியது. பெயரில் நரம்பியல் இருக்கிறதே தவிர, உள்ளே நரம்பியல் இல்லை. ரிச்சர்ட் வைஸ்மன் என்ற பிரித்தானிய உளவியலாளரும் வேறு சிலரும் 2012 இல் இதை மூன்று வகையாகச் சோதித்தார்கள். பொய் சொன்னவர்களின் கண்ணசைவும் உண்மை சொன்னவர்களின் கண்ணசைவும் வேறுபடவில்லை. இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்துப் பயிற்சி அளித்தவர்களும் பயிற்சி பெறாதவர்களைவிடச் சிறப்பாகப் பொய்யைக் கண்டுபிடிக்கவில்லை. (உங்கள் மச்சான் குறித்துக்கொண்டது அவருடைய வலமா, எதிரே இருந்த பையனுடைய வலமா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.)

நிலத்தைப் பார்த்துப் பேசுவதைப் பற்றி நம்மூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதலாளியும் அவருடைய மகனும் மருமகனைப் போன்றவரும் நின்றுகொண்டிருக்க, கீழே இருக்கும் ஒரு பையன் மூவரின் கண்களையும் மாறி மாறி நேராகப் பார்த்துப் பதில் சொல்லியிருந்தால், அதே மச்சான் “எவ்வளவு துணிச்சல் பாருங்கள், கள்ளன் அல்லாமல் இப்படி முழிப்பானா” என்று சொல்லியிருக்க மாட்டாரா? எந்தப் பக்கம் பார்த்தாலும் குற்றம் என்றால், அது அறிகுறி அல்ல.

ஒன்றை மட்டும் என் வாழ்க்கையிலிருந்து சொல்கிறேன். சண்டைக் காலத்தில் நான் பாடசாலைக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. அடையாள அட்டையை நீட்டும் ஒவ்வொரு முறையும் என் கை நடுங்கும், நா வறண்டுவிடும். பையில் இருந்ததெல்லாம் கொப்பிகளும் இடியப்பப் பொட்டலமும்தான். ஒருநாள் நடுக்கத்தைக் கண்டு என்னைத் தனியே நிறுத்தி ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். விசாரிக்க விசாரிக்க நடுக்கம் கூடியது, நடுக்கம் கூடக் கூட விசாரணை நீண்டது. என் உடல் அன்று சொன்னதெல்லாம் நான் பயந்திருக்கிறேன் என்பதை மட்டுமே. ஏன் பயந்தேன் என்பதை எந்த உடலும் சொல்லாது.


பதில்
எழுதியவர்: ஓய்வுபெற்ற உப அதிபர், சம்மாந்துறை

சகோதரி எழுதியவற்றை மரியாதையுடன் வாசித்தேன். ஆயினும் ஆய்வுகூடத்தில் மாணவர்களை வைத்துச் செய்யும் பரிசோதனைகளும் அனுபவமும் ஒன்றல்ல என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒழுக்காற்றுப் பொறுப்பில் 31 ஆண்டுகள் இருந்தவன் நான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

ஓர் உதாரணம் தருகிறேன். ஒருமுறை விஞ்ஞான ஆய்வுகூடத்து அலுமாரியிலிருந்து நுணுக்குக்காட்டி காணாமற்போனது. அன்று மாலை அங்கே நின்ற 11 மாணவர்களையும் வரிசையாக நிறுத்தி, ஒன்றும் பேசாமல் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒருவனுக்கு முன்னால் நான் நின்றபோது அவனுடைய கை தானாகக் காற்சட்டைப் பைக்குள் போனது. பையைக் காட்டச் சொன்னேன். அலுமாரித் திறப்பு அதற்குள் இருந்தது. அவன் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டான். இப்படி எத்தனையோ சம்பவங்கள். முகம் பார்த்தறியும் திறமை சிலருக்கு உண்டு என்பதே என் கருத்து. இரண்டு நாள் பட்டறையில் அது வராது என்பதை மட்டும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.


பதில்
எழுதியவர்: வாவிக்கரை, மட்டக்களப்பு

சேர், உங்கள் அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் உங்கள் கதையில் அந்த மாணவனைக் காட்டிக்கொடுத்தது முகமா, திறப்பா? அந்தப் பைக்குள் திறப்புக்குப் பதிலாகக் கைக்குட்டை இருந்திருந்தால் நீங்கள் அடுத்தவனிடம் போயிருப்பீர்கள், அந்தக் கை அசைவு இன்று உங்கள் நினைவிலும் இருந்திருக்காது.

அனுபவத்தில் உள்ள சிக்கலே இதுதான். நாம் சந்தேகித்தவன் ஒப்புக்கொண்டால், நமது கணிப்புச் சரி என்று ஒரு புள்ளி போட்டுக்கொள்கிறோம். நாம் நம்பி அனுப்பிவைத்த பொய்யன் திரும்பி வந்து, சேர், அன்று உங்களை ஏமாற்றிவிட்டேன் என்று சொல்வதில்லை. குற்றமற்ற ஒருவன் பயத்தில் ஒப்புக்கொண்டாலும் அது நமது வெற்றிக் கணக்கில்தான் சேர்கிறது. பிழைகள் நம் காதுக்கு வராத தொழிலில் ஆண்டுகள் கூடக் கூட நம்பிக்கைதான் வளரும், திறமை வளர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1991 இல் போல் எக்மன், மொரீன் ஓ சலிவன் ஆகியோர் பொலிஸார், நீதிபதிகள், மனநல மருத்துவர்கள், பொய்க் கருவி இயக்குபவர்கள் எனப் பலருக்கும் ஒளிப்பதிவுகளைக் காட்டிச் சோதித்தபோது, அமெரிக்க இரகசியச் சேவையினர் மட்டுமே தற்செயலைவிடத் தெளிவாக மேலே நின்றார்கள். அவர்களும் எட்டியது 64 வீதம்தான். ஏனைய தொழில்காரர்கள் சாதாரண ஆட்களைப் போலவே இருந்தார்கள்.

எக்மனின் பெயரைச் சொன்னதால் ஒரு வார்த்தை. முகத்தில் கணப்பொழுதில் தோன்றி மறையும் நுண்பாவனைகள் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற எண்ணத்தைப் பரப்பியவரும் அவரே, உங்கள் மச்சானின் பட்டறையிலும் அது கட்டாயம் வந்திருக்கும். ஸ்டீபன் போட்டர், லியான் டென் பிரிங்க் என்ற கனேடிய ஆய்வாளர்கள் 2008 இல் ஒளிப்பதிவுகளைச் சட்டகம் சட்டகமாகப் பிரித்துப் பார்த்தபோது, நூற்றில் இரண்டு பாவனைகளில் மட்டுமே அது தென்பட்டது, அதுவும் முகத்தின் மேற்பாதியிலோ கீழ்ப்பாதியிலோ மட்டும். அதைவிட முக்கியம், உணர்ச்சியை மறைக்காதவர்களிடமும் அது தென்பட்டது. இந்த வகை அவதானிப்பை நம்பி அமெரிக்க விமான நிலையங்களில் நடத்தப்பட்ட திட்டத்துக்கு 2007 முதல் ஏறக்குறைய 900 மில்லியன் டொலர் செலவாகியிருந்தது. அந்நாட்டு அரசாங்கக் கணக்காய்வு நிறுவனம் 2013 இல் அதை ஆராய்ந்து, நடத்தை அறிகுறிகளால் ஆபத்தானவர்களைக் கண்டுபிடிக்கலாம் என்பதற்குச் சான்று இல்லை, ஆகவே நிதியை மட்டுப்படுத்துங்கள் என்று பரிந்துரைத்தது.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை, சேர். குற்றமில்லாத நெஞ்சும் அதேபோலக் குறுகுறுக்கும் என்பதுதான் தொல்லை.


பதில்
எழுதியவர்: கறுப்புக்கோட்டு, கல்முனை

கருவியைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். தொழிலால் சட்டத்தரணி.

பொலிகிராப் எனப்படும் கருவி பொய்யை அளப்பதில்லை. மார்பிலும் வயிற்றிலும் கட்டும் பட்டிகளால் மூச்சையும், கையில் கட்டும் பட்டியால் இரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும், விரலில் மாட்டும் தகடுகளால் வியர்வையினால் ஏற்படும் மின்கடத்து மாற்றத்தையும் அது பதிவு செய்கிறது. அந்தக் கோடுகள் ஏறி இறங்குவதைப் பார்த்து, இது பொய் என்று சொல்வது பக்கத்தில் இருக்கும் மனிதர். பழங்காலத்தில் சந்தேகத்துக்குரியவரின் வாயில் உலர்ந்த அரிசியைப் போட்டு மெல்லச் சொல்லி, துப்பும்போது அரிசி ஈரமில்லாமல் இருந்தால் அவரே குற்றவாளி என்று முடிவு செய்த வழக்கம் இந்தியாவிலும் சீனாவிலும் இருந்ததாகச் சொல்வார்கள். பயந்தால் எச்சில் சுரப்பது குறையும் என்பது உண்மை. அரிசிக்குப் பதிலாக மின்கம்பி வந்ததே தவிர, அளக்கப்படும் பொருள் மாறவில்லை.

இதன் வரலாறும் சுவையானது. இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யைக் கண்டறியலாம் என்று முதலில் வாதாடியவர்களில் ஒருவரான வில்லியம் மார்ஸ்டன், பின்னாளில் வொண்டர் வுமன் என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்தவர். அவளுடைய கயிற்றால் கட்டப்பட்டவன் உண்மை பேசியே ஆக வேண்டும். கதையில் அது நடந்தது. நீதிமன்றத்தில் நடக்கவில்லை: மார்ஸ்டனின் சோதனை முடிவைச் சான்றாக ஏற்கும்படி ஜேம்ஸ் பிரை என்பவரின் கொலை வழக்கில் கேட்கப்பட்டபோது, அது துறை அறிஞர்களிடையே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்று வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1923 இல் மறுத்துவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றமும் 2010 ஆம் ஆண்டு செல்வி என்பவரின் வழக்கில், ஒருவரின் சம்மதமில்லாமல் இத்தகைய சோதனைகளுக்கு உட்படுத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது.

கருவி பிழைக்கும் விதத்துக்கு ஓர் உதாரணம் போதும். அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ இல் இருந்துகொண்டே சோவியத் ஒன்றியத்துக்கு இரகசியங்களை விற்ற ஓல்ட்ரிச் ஏம்ஸ், 1986 இலும் 1991 இலும் இந்தச் சோதனையில் தேறினார். 1994 இல்தான் கைதானார். மறுபக்கத்தில் அப்பாவிகள் சிக்கும் கணக்கு இன்னும் கொடியது. அமெரிக்கத் தேசிய ஆய்வுப் பேரவை 2003 இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: 10,000 ஊழியர்களுக்குள் 10 உளவாளிகள் இருப்பதாக வைத்துக்கொண்டு, அவர்களில் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையை இறுக்கினால், அந்த எட்டுப் பேருடன் சேர்ந்து ஏறக்குறைய 1,600 அப்பாவிகளும் பொய்யர்கள் பட்டியலில் விழுவார்கள்.

களஞ்சிய அறை விசாரணையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. முதலில் அறிகுறிகளைப் பார்த்து இவன்தான் என்று முடிவு செய்துவிட்டு, பின்னர் ஒப்புக்கொள்ளும்வரை நெருக்குவது அமெரிக்காவில் ஜோன் ரீட் என்பவரின் பெயரால் ஒரு முறையாகவே வளர்ந்தது. அவர் 1955 இல் நெப்ராஸ்காவில் டரல் பார்க்கர் என்பவரை, அவருடைய மனைவி கொலை செய்யப்பட்ட வழக்கில், பொலிகிராப்பில் இருத்திப் பல மணி நேரம் விசாரித்து ஒப்புதல் வாக்குமூலம் பெற்றார். பார்க்கருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கொலையைச் செய்தது வேறொருவர் என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டு, 2012 இல்தான் அந்த மாநிலம் பார்க்கர் நிரபராதி என ஏற்றுக்கொண்டது. அப்போது அவர் முதியவர்.

நமது நாட்டில் 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க இடமளிப்பதில்லை. அச்சுறுத்தலாலும் ஆசை வார்த்தையாலும் அதிகாரத்தில் உள்ளவர் பெற்ற ஒப்புதலை அதற்கு முந்திய பிரிவு விலக்குகிறது. (1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்கு எப்படிப்பட்ட விதிவிலக்கை உண்டாக்கியது என்பதைக் கிழக்கில் வாழ்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.) நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்ததை உங்கள் மச்சானின் பட்டறையில் சொல்லவில்லை போலும். அந்தப் பையனை மீண்டும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். ஒருவரை வெளியேறவிடாமல் அடைத்து வைப்பது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். பிறகு நீதிமன்றத்தில் எதிரிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்தான்.


பதில்
எழுதியவர்: குளிர்த்திப் பாட்டு, தம்பிலுவில்

வைகாசி பிறந்தால் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் கதவு திறந்து, சடங்கின் முடிவான குளிர்த்தி வரைக்கும் கண்ணகியின் கதையைச் சொல்லும் வழக்குரை காவியம் படிப்பார்கள். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவன் என்பதால் இந்தக் கேள்விக்குள் எனக்கு வேறொன்று தெரிகிறது.

சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பிடிக்க வந்த காவலர்கள் முதலில் அவனுடைய தோற்றத்தைப் பார்த்து, இவன் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்றுதான் தயங்குகிறார்கள். அவர்கள் முகம் பார்த்தது சரியாகவே இருந்தது என்று நாம் மகிழ்வதற்குள், பொற்கொல்லன் சிரித்துவிட்டுக் களவு நூலை எடுத்து விரிக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களின் எட்டு வகைத் துணைகளையும் வரிசையாகச் சொல்லுகிறான். சான்றிதழ் பெற்றவனைப் போல அவ்வளவு திறமாகச் சொல்லுகிறான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கல்வியறிவற்ற, குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கள்வர்களைப் பற்றி அத்தனையும் தெரிந்து பேசியவனே கள்வன் என்பதை அங்கே யாரும் யோசிக்கவில்லை.

பிறகு பாண்டியன் அவையில் வழக்கு எப்படித் தீர்ந்தது? கண்ணகி தலைவிரி கோலமாக, கண்ணீரும் கோபமுமாகத்தான் நின்றாள். அவளுடைய கோலத்தை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. தன் சிலம்பில் மாணிக்கம் என்றாள், அரசியின் சிலம்பில் முத்து என்றான் பாண்டியன். கண்ணகி உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. உங்கள் கடையில் உடைத்துப் பார்க்கக்கூடிய சிலம்பு எது, தம்பி? சிட்டைப் புத்தகம்தானே?


பதில்
எழுதியவர்: வாவிக்கரை, மட்டக்களப்பு

தம்பிலுவில் அண்ணன் சொன்னதையே ஆய்வாளர்களும் வேறு வழியில் வந்தடைந்திருக்கிறார்கள். சுவீடனில் மரியா ஹார்ட்விக்கும் அவருடன் சேர்ந்தவர்களும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், பணப்பை ஒன்றை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் பயிற்சிப் பொலிஸார் விசாரித்தார்கள். ஒரு பகுதியினருக்குச் சான்றைப் பயன்படுத்தும் விதம் மட்டும் கற்பிக்கப்பட்டது: கையில் இருக்கும் சான்றை முதலிலேயே மேசையில் போடாமல், நடந்ததை அவர்களே விரிவாகச் சொல்லவிட்டு, பிறகு அந்தச் சான்றோடு தொடர்புள்ள விடயங்களைக் கேட்பது. அப்படிக் கேட்டவர்கள் 85 வீதம் சரியாகக் கணித்தார்கள், கற்காதவர்கள் 56 வீதம். இங்கே யாரும் யாருடைய மூக்கையும் பார்க்கவில்லை. சொன்னதும் சான்றும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்த்தார்கள்.

ஆகவே அவனை நிழலில் வசதியாக இருத்தி, ஒருவர் மட்டும் எதிரே இருந்து, வெள்ளிக்கிழமை பகல் முதல் நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். குறுக்கிடாதீர்கள். அதே கேள்விகளை உங்களிடமும் மச்சானிடமும் யாராவது கேட்க வேண்டும், அது முக்கியம், ஏனென்றால் லாச்சியைத் திறந்தவர்கள் மூவர். ஒவ்வொருவரும் சொல்வதை எழுதி வைத்துக்கொண்டு, சிட்டைப் புத்தகத்தோடும் தொலைபேசி அழைப்புகளோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். சத்தியம் வாங்குவதைப் பற்றி அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள்: பக்தியுள்ளவன் குற்றமற்றவனாக இருந்தாலும் கற்பூரத்துக்கு முன்னால் நடுங்குவான்.


மறுபதில்
எழுதியவர்: கடைக்கணக்கு, களுவாஞ்சிக்குடி

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

அக்கா சொன்னபடியே செய்தோம். முதலில் அப்பா என்னைத்தான் கேட்டார். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் பிறகு நான் எத்தனை முறை லாச்சியைத் திறந்தேன், யாருக்கு மிச்சக் காசு கொடுத்தேன் என்று கேட்டபோது எனக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. காது சூடேறியது. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு ரூபாயும் எடுக்காதவன் நான், ஆனால் என் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் மேசையில் இருந்த ஆணிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன். மச்சான் தன்னைக் கேள்வி கேட்பதை விரும்பவில்லை. அரைகுறையாகத்தான் பதில் சொன்னார்.

பையன் கடைக்கு வர மறுத்துவிட்டபடியால் நான் அவனுடைய வீட்டுக்குப் போய், மாமரத்தடியில் இருந்து கேட்டேன். பின்னேரம் நாலு மணியளவில், நான் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில், களுதாவளைக்காரர் ஒருவர் தான் வாங்கிய தகரங்களைத் திருப்பிக் கொண்டுவந்ததாகவும், அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டுத் தான் காசைத் திருப்பிக் கொடுத்ததாகவும், மீளெடுத்த பொருட்களை எழுதும் புத்தகம் என்னிடம் இருந்ததால் எழுதவில்லை என்றும் சொன்னான். அப்பாவின் கைத்தொலைபேசியில் 4.07 இக்கு அந்த அழைப்பு இருந்தது. அப்பாவுக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. களுதாவளைக்காரரை அழைத்துக் கேட்டோம். 21,600 ரூபாய் வாங்கியதாகச் சொன்னார். தகரங்கள் களஞ்சியத்தில் சுவரோடு சாத்தியபடி, பையன் இருந்த வாளிக்கு இரண்டு முழம் தள்ளித்தான் நின்றன.

என்னை இன்றுவரை வருத்தும் விடயம் வேறு. அந்தச் சனிக்கிழமை மச்சான் எழுதிய குறிப்புப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவது அறிகுறிக்குக் கீழே, “தகரம் திருப்பின ஆளைப் பற்றிக் கதைக்கிறான், பேச்சை மாற்றப் பார்க்கிறான்” என்று எழுதியிருக்கிறார். அவன் அன்றே சொல்லியிருக்கிறான். நாங்கள் மூவரும் அவனுடைய கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மீதி 16,900 ரூபாய்க்கு இன்னும் கணக்குக் கிடைக்கவில்லை. மச்சான் அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு இப்போதும் தன் கணிப்புப் பாதியாவது சரி என்கிறார். நான் மறுபடியும் சிட்டைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். லாச்சிக்கு இனி ஒரு திறப்புத்தான், அதை வைத்திருப்பவர் யார் என்பது நாளுக்கு நாள் புத்தகத்தில் எழுதப்படும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார்.

பையன் திரும்பி வரவில்லை. அக்கரைப்பற்றில் ஒரு கடையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். நிலுவையில் இருந்த சம்பளத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நடந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். வாசலில் நின்று, நிலத்தைப் பார்த்துக்கொண்டே, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.